மேக்னெட்டோவுக்கு ஒரு தாய்மாமன்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கோயிலில் பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட என் வலது கால் பெஞ்சுக்கு அடியில் கிக்கரை உதைத்துக்கொண்டே இருக்கும். "அந்தக் காலுக்கு மட்டும் தனியா ஞானஸ்நானம் குடுக்கணும்" என்பாள் என் மனைவி ருமோன்டாங். மூன்று வருடமாகச் சேர்த்தும் கிளம்பாத வண்டியை வைத்திருப்பவனுக்குக் கால் எப்படிச் சும்மா இருக்கும்?

எங்கள் ஊர் சியந்தாரில் ரிக்‌ஷா என்றால் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளும் அதன் பக்கத்தில் ஒரு பெட்டியும்தான். யுத்தம் முடிந்து பிரிட்டிஷ் பட்டாளம் போனது, வண்டிகள் போகவில்லை. அவை இன்றைக்கும் ஆட்களையும் பன்றிகளையும் முட்டைக்கோஸ் மூட்டைகளையும் சுமந்துகொண்டு சந்தைக்கும் வீட்டுக்குமாக அலைகின்றன. சந்தைக்குப் பின்னால் என் கொட்டகையில் நாள் முழுக்க அவற்றுக்குத்தான் வைத்தியம். ஊர் வண்டிக்கெல்லாம் உயிர் கொடுக்கும் மாருலி சித்தோருஸின் சொந்த வண்டி மட்டும் மூலையில் பிணமாகக் கிடந்தது.

அதைத் துண்டு துண்டாகப் பொறுக்கினேன். எஞ்சின் கூடு தெபிங் திங்கியில் ஓர் அரிசி ஆலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. பிஸ்டன் லாரியுடையது, லேத்தில் கொடுத்துக் கடைந்தேன். பெட்ரோல் டாங்க் ஒரு கோழிப் பண்ணையில் கிடைத்தது. உள்ளே முட்டை இருந்ததைக்கூட நான் குறையாகச் சொல்லவில்லை. முன் ஃபோர்க் கிடைத்த கதையைத்தான் என் மனைவி வீட்டார் இன்னும் மறக்கவில்லை.

என் மாமனார் செத்த அன்று அது. எங்கள் இனத்தில் பெண் கொடுத்த வீடு தெய்வத்துக்கு அடுத்தபடி. அந்த வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும், பெண் எடுத்தவன் அடுப்படியில் நின்று பன்றி வெட்ட வேண்டும், சமைக்க வேண்டும், பரிமாற வேண்டும். நானும் கத்தியோடு நின்றேன். அப்போது போன் வந்தது. மேடானில் ஒரு பழைய இரும்புக் கடையில் என் வண்டிக்கான ஃபோர்க் இருக்கிறதாம், மத்தியானம் அதை அறுத்து உருக்கப் போகிறார்களாம். கத்தியை இறைச்சியில் குத்தி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். சாயங்காலம் திரும்பி வரும்போது ஃபோர்க் என் தோளில் இருந்தது, எதிரே கல்லறையிலிருந்து எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள்.

என் மச்சான் சஹாலா ஹுத்தபராட் கணக்கு வாத்தியார், அளந்துதான் பேசுவார். "எங்கப்பா பெட்டிய நாங்க தூக்கிட்டுப் போனோம். நீ எதைத் தூக்கிட்டு வர்றே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் போய்க் காலில் விழவில்லை. வீம்பு என்று நினைக்க வேண்டாம், வெட்கம்தான்.

கடைசியில் பாக்கி நின்றது மேக்னெட்டோ. பேட்டரி இல்லாமலே பொறி கொடுக்கும் உருண்டைச் சாமான், எஞ்சினுக்குப் பின்னால் உட்காரும். ஊரில் எல்லாரும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு பேட்டரியும் 'காயில்' என்ற கம்பிச் சுருளும் மாட்டிக்கொண்டார்கள்.

"காயில் மாட்டினா ஓடாதா?" என்றாள் ருமோன்டாங்.

"ஓடும்."

"அப்புறம் என்ன?"

"அது வேற வண்டி ஆயிடும்."

"லாரி பிஸ்டன் போட்டப்ப ஆகலையா?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல நின்றால் வேலை நடக்காது. நான் கள்ளுக்கடைக்குப் போய்விட்டேன். அங்கேதான் எங்கள் ஊரில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தெரியவரும். பாலிகேவுக்கு அந்தப் பக்கம் காயுஸ் சியாகியான் என்ற கிழவரிடம் ஒன்று இருக்கிறது என்றார்கள். ஒரு காலத்தில் இதே சியந்தாரில் ரிக்‌ஷா ஓட்டியவர், இப்போது காப்பித் தோட்டம். "ஏழு பேர் கேட்டுப் போயிட்டாங்கப்பா. ஏழு பேருக்கும் காப்பி குடுத்து அனுப்பிட்டாரு. நீ எட்டாவது" என்று சிரித்தார்கள். மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்தேன்.

கிழவர் என்னை மரியாதையாகத்தான் உள்ளே கூப்பிட்டார். "தம்பி எந்தக் குலம்?" என்று கேட்டார். யாரைப் பார்த்தாலும் எங்கள் முதல் கேள்வி அதுதான். யாருக்கு யார் கும்பிடு போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் நாங்கள் நாற்காலியில் உட்கார மாட்டோம். பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது சுவரில் ஒரு கல்யாணப் படம் கண்ணில் பட்டது. கீழே மாப்பிள்ளை பெயர் காயுஸ் சியாகியான் என்றும், பெண் பெயர் தியோர்மா ஹுத்தபராட் என்றும் எழுதியிருந்தது.

ஹுத்தபராட் என் மனைவியின் குலம். உண்மையைச் சொன்னால் நானும் கிழவரும் ஒரே குலத்தில் பெண் எடுத்தவர்கள், சகலைகள். சகலையிடம் சாமான் கேட்டால் என்ன கிடைக்கும்? எட்டாவது காப்பி கிடைக்கும். ஆனால் பெண் கொடுத்த குலத்து ஆண்பிள்ளை வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது.

"நான் ஹுத்தபராட்" என்றேன்.

கிழவர் எழுந்தே விட்டார். "துலாங்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தாய்மாமனைக் கூப்பிடுகிற சொல் அது. மகளின் முறையில் என்னை அப்படிக் கூப்பிட்டார். என்னைவிட முப்பது வயது மூத்தவர் தலை குனிந்து நின்றதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"போய்ச் சேந்த என் வீட்டுக்காரிக்குக் கூடப் பொறந்தது ஒரே ஒரு தம்பி. அவனும் கல்யாணம் ஆகாமலே கடல்ல போயிட்டான். பதினோரு வருஷமா இந்த வீட்டுக்குள்ள ஒரு ஹுத்தபராட் ஆம்பளை கால் வைக்கல, துலாங். லாஸ்மா! லாஸ்மா, இங்க வாம்மா!"

அடுப்படியிலிருந்து அவர் மகள் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமல் போய்விட்டதாகக் கிழவர் தணிந்த குரலில் சொன்னார். தாய்மாமன் ஆசி இல்லாத வயிறு என்று மாப்பிள்ளை வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. சியந்தார் சந்தைக்குப் பின்னாடி மெக்கானிக் கொட்டகை வச்சிருக்கேன். அந்த மேக்னெட்டோவைப் பத்தி..." என்று இழுத்தேன்.

"அது எதுக்கு உங்க வாயால கேக்குறீங்க?" என்று உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்ததைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஒரு தட்டில் அரிசி. "விலை பேசி எனக்குப் பாவம் சேக்காதீங்க. இவ தலையில மூணு தடவை அரிசி வையுங்க, போதும்."

மேக்னெட்டோவைப் பார்த்தேன். துரு இல்லை. தண்டைத் திருகினால் காந்தம் பிடித்துப் பிடித்து விட்டது. பிறகு நான் அரிசியை எடுத்தேன்.

அந்தப் பெண் என் முன்னால் குனிந்தாள். அவள் வகிட்டில் மூன்று தடவை அரிசி வைத்து, மூன்று தடவை "ஹொராஸ்" என்று வாழ்த்தினேன். பிள்ளை நிற்கட்டும், பேர் சொல்லட்டும் என்று ஏதோ முணுமுணுத்தேன். நிமிர்ந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். பஸ்ஸில் மேக்னெட்டோ என் மடியில் இருந்தது. நான் செய்தது அயோக்கியத்தனம் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் பராபாட் ஏரிக்கரை வருவதற்குள் டைமிங் எத்தனை டிகிரி வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. சந்தையே கூடி நின்று கைதட்டியது, ருமோன்டாங்கூட ஈரக் கையோடு ஓடி வந்தாள். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமானவன் சியந்தாரில் இல்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. கால் உதைப்பதை நிறுத்தியதும் மனம் உதைக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவை கிக்கரை மிதிக்கும்போதும் அந்த வகிடு கண்ணில் வந்தது. காரணமில்லாமல் வண்டியைப் பிரித்தேன், பூட்டினேன், மறுபடி பிரித்தேன். "ஓடாதப்பதான் புலம்பின, ஓடுறப்ப என்ன கேடு?" என்றாள் ருமோன்டாங். அவளிடம் நான் மேக்னெட்டோ கிடைத்ததை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு காலையில் காயுஸ் சியாகியான் என் கொட்டகை வாசலில் வந்து நின்றார். கையில் வாழையிலை மூடிய பெரிய பாத்திரம், அதற்குள் சமைத்த பன்றியின் தாடையும் விலாவும். பெண் எடுத்தவர்கள் பெண் கொடுத்த வீட்டுக்கு எடுத்து வருகிற மரியாதை அது. முகமெல்லாம் சிரிப்பு.

"துலாங், உங்க அரிசி பலிச்சுடுச்சு! லாஸ்மாவுக்கு ஏழாம் மாசம். மூணு மாசம் தாண்டாத வயிறு, இப்ப ஏழு! ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி நீங்கதான் மீன் ஊட்டி, சால்வை போத்தணும்."

ருமோன்டாங் கொட்டகைக்குள் வந்ததை நான் கவனிக்கவில்லை. காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

கிழவர் அவளைக் கும்பிட்டார். "ஹுத்தபராட் துலாங்கோட வீட்டுக்காரம்மா நீங்கதானா? அம்மா எந்தக் குலம்?"

அவள் என்னைப் பார்த்தாள். பத்து வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. பிறகு கிழவர் பக்கம் திரும்பி, சர்க்கரை போடட்டுமா என்று கேட்கிற குரலில், "சித்தோருஸ்" என்று என் குலத்தைச் சொன்னாள்.

கிழவர் பஸ் ஏறிப் போகிறவரைக்கும் சிரித்த முகமாக இருந்தாள். பஸ் திரும்பியதும் காப்பித் தட்டு என் காதோரம் பறந்தது.

"இரும்பைப் பொறுக்கின, சரி. இப்ப என் குலத்தையே தூக்கிட்டு வந்துட்டியா? நீ ஹுத்தபராட்னா நான் யாருடா? பத்து வருஷமா அண்ணன்கூடவா குடும்பம் நடத்தினேன்?"

"நான் போகலைன்னு சொல்லி அனுப்பிடுறேன்."

"அப்ப அந்தப் பொண்ணு?" அவள் குரல் இறங்கியது. "ரெண்டு பிள்ளையப் பறிகுடுத்தவ, உன் அரிசிய நம்பி இதைச் சுமந்துக்கிட்டிருக்கா. நீ வரலைன்னா பயப்படுவா. நீயே போனா பொய்ச் சால்வையப் போத்திக்கிட்டுப் பெத்துக்கணும். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீ தாங்குவியா? நான் தாங்க மாட்டேன்."

அவள் கேட்டதைத்தான் ஒன்பது மாதமாக நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நிஜமான ஹுத்தபராட் ஆம்பளை எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும். நாலு தெரு தள்ளி" என்றாள்.

மறுநாள் நானே பன்றி வாங்கி, நானே வெட்டி, நானே சமைத்தேன். கையைச் சுட்டுக்கொண்டேன். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு நடந்தது எனக்கு மேடானுக்கு நடந்தது மாதிரி இருந்தது. சஹாலா வாசலில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்த பார்ட்ஸ் தேடி வந்த?"

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"எத்தனை தடவை அரிசி வச்ச?"

"மூணு மச்சான்."

"கையக் கழுவினியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "மேக்னெட்டோவத் தொட்டுப் பாத்துட்டு... அப்படியே."

"கிரீஸ் கையோட." தலையை ஆட்டினார். இன்னொரு தாளை எடுத்துத் திருத்தினார். என் கால் தரையை உதைக்க ஆரம்பித்தது, அதைக் கையால் பிடித்துக்கொண்டேன். "அந்தம்மா பேரு என்ன சொன்ன?"

"தியோர்மா. தியோர்மா ஹுத்தபராட்."

"எங்க வீட்டுப் பொண்ணு" என்றார், தாளைப் பார்த்தபடியே. "அவ மகளுக்கு மாமன் இல்லைன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை வர்றேன். உனக்காக வரல, புரியுதா? ருமோன்டாங்க மீன் சமைக்கச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கிளம்பினோம். சைடுகாரில் சஹாலா, மடியில் மடித்த சால்வை. என் முதுகுக்குப் பின்னால் ருமோன்டாங், நடுவில் மீன் சட்டி. வண்டி அன்று ஓடியது மாதிரி என்றைக்கும் ஓடியதில்லை, மேட்டில்கூட மூச்சு வாங்கவில்லை. நான்தான் வியர்த்துக் கொட்டினேன். நூறு கிலோமீட்டரில் சஹாலா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "நல்லாத்தான் வேலை செஞ்சிருக்க" என்றார். வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு நான் குதித்திருப்பேன்.

மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வந்திருக்கவில்லை. கிழவர் முற்றத்தில் ஓடி வந்தார். அவர் வாயிலிருந்து "துலாங்" வருவதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"ஐயா, நான் ஹுத்தபராட் இல்ல. நான் சித்தோருஸ். ஹுத்தபராட் என் வீட்டுக்காரி. மேக்னெட்டோவுக்காகப் பொய் சொன்னேன்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. அது மெல்லப் போனதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் கிடைத்த அடி. வாசற்படியில் லாஸ்மா வந்து நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"அப்ப அன்னிக்கி என் தலையில அரிசி வச்சது யாரு?" என்றாள்.

"ஒரு மெக்கானிக், அம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"என் சாமான அவுத்துக் குடு" என்றார் கிழவர். மரியாதையெல்லாம் போயிருந்தது. "என் பொண்ணு வயித்துலயாடா உனக்கு யாவாரம்?"

நான் ஸ்பேனரை எடுத்தேன். என் கையாலேயே டைமிங் மூடியைத் திறந்து, பல்சக்கரத்தை இழுத்து, மேக்னெட்டோவைக் கழற்றினேன். மூன்று வருடம் தேடிய சாமான் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. அது இல்லாத வண்டி பல் போன வாயோடு நின்றது. கிழவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் சஹாலா சைடுகாரிலிருந்து இறங்கினார். தாத்தா பெயர், கொள்ளுத் தாத்தா பெயர், எந்தக் கிளை, எத்தனையாவது தலைமுறை என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். கிழவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார், நாலு இடத்தில் குறுக்குக் கேள்வி போட்டார். ஒரு தடவை ஏமாந்தவர் அல்லவா? கணக்கு நேரானதும் அவர் தோள் தளர்ந்தது.

சஹாலா கிணற்றடிக்குப் போய் முழங்கை வரை கையைக் கழுவினார். லாஸ்மாவை உட்கார வைத்தார், மீனை ஊட்டினார், சால்வையைப் போர்த்தினார். அரிசியை எடுத்து வகிட்டில் மூன்று தடவை வைத்தார். "உங்க அம்மா வீடு இன்னும் இருக்கு, பயப்படாத" என்றார். அவள் இப்போதும் அழுதாள். நானும் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் கத்தியை வாங்கிக்கொண்டு பன்றி வெட்ட உட்கார்ந்தேன், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

பந்தி முடிந்ததும் கிழவர் மேக்னெட்டோவைத் துணியோடு கொண்டுவந்து சஹாலா முன்னால் வைத்தார். "இது மாமன் வீட்டுக்குன்னு ஒருதரம் குடுத்தது. திருப்பி வாங்குனது தப்பு. இப்ப இது உங்களுது, துலாங். என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க."

சஹாலா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். என் கால் ஆட ஆரம்பித்தது.

"வண்டி இங்கயே நிக்கட்டும். மேக்னெட்டோ இவன்கிட்ட இருக்கட்டும்" என்றார். "பிள்ளை அழுகுற சத்தம் கேக்குற வரைக்கும் இந்த வண்டி சத்தம் போடக் கூடாது. பிள்ளை அழட்டும், இவன் வந்து மாட்டிக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். கிழவர்கூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பிள்ளை அழாவிட்டால் என்ன என்று சஹாலாவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அந்த இரண்டு மாதத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று என் கொட்டகைச் சுவருக்குத்தான் தெரியும். மேக்னெட்டோவை அலமாரியில் வைத்தேன், மேஜைக்கு மாற்றினேன், துடைத்தேன், திரும்ப அலமாரியில் வைத்தேன். தினம் ஒரு தடவை கிழவருக்குப் போன் செய்தேன். முதல் வாரம் எடுக்கவே இல்லை. அப்புறம் எடுத்து, "இருக்கா" என்று ஒரு சொல் சொல்லி வைத்துவிடுவார். பிறகு "நல்லா இருக்கா" ஆனது. பிறகு அவளே எடுத்து, "இன்னிக்கி ரொம்ப உதைக்குது, உங்க காலு மாதிரி" என்றாள். என் கால் கதையை ருமோன்டாங் சொல்லியிருக்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது, சின்னதாக, கோபமாக, விடாமல். "கேட்டுச்சா?" என்றார் கிழவர். "பொண்ணு. ரெண்டு பேரும் சுகம்."

கையிலிருந்த கார்புரேட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நாலு தெருவையும் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. "பொறந்துடுச்சு மச்சான்!" என்று வாசலிலேயே கத்தினேன். சஹாலா பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னார், ருமோன்டாங் மீன் வாங்கிச் சமைத்தாள். மத்தியான பஸ்ஸில் மூன்று பேரும் பாலிகேவுக்கு ஏறினோம்.

போர்சியா பாலம் தாண்டும்போது சஹாலா என் மடியைப் பார்த்தார், காலடியில் பார்த்தார்.

"மேக்னெட்டோ எங்க?"

அது கொட்டகையில், அலமாரியில் இருந்தது. காலையிலிருந்து அதை ஒரு தடவைகூட நான் நினைக்கவில்லை.

சஹாலா சாலைப் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார், கோபமாகக்கூட இல்லை. "இந்த மறதி எங்கப்பா செத்த அன்னிக்கி உனக்கு வந்திருக்கக் கூடாதா, மாருலி?"

இரண்டு வருடத்துக்கு மேலாக அவர் என் பெயரைச் சொன்னதில்லை. ருமோன்டாங் மீன் சட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பாலிகே வரும்வரை அது சிந்தாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.